பொலித்தீன் உரிக்காத சைக்கிள்

கடைக்காரன் ஹாண்டிலைக் கையில் தந்தபோது
சீற்றில் பொலித்தீன், பாரில் பொலித்தீன்,
கரியரில் மட்டை சுற்றி நூல் கட்டியிருந்தது.
உரிக்கவோ அக்கா, என்றான்.
வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

அறுபத்தெட்டாயிரம்.
மாசியில் இதே சைக்கிள்
முப்பத்தொன்று என்று எழுதித் தொங்கினது.
அந்த விலைத்துண்டைக்கூட அவன் எறியவில்லை,
பின்பக்கம் திருப்பிப் புது விலை எழுதியிருக்கிறான்.

டிப்போச் சந்தியில் ஏறி மிதித்தேன்.

எனக்கென்று கடைசியாக இருந்ததை
மாத்தளன் மணலில் சாய்த்துவிட்டு வந்தவள் நான்.
பூட்டிவிட்டு வந்தேன்.
திறப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.
ஏன் பூட்டினேன் என்று
இண்டைக்கும் தெரியாது.

ஹாண்டில் ஆடுகிறது.
புது ரயரின் ரப்பர் மயிர்கள்
தாரில் கிசுகிசுத்துக்கொண்டே வருகின்றன.
சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ள
கந்தசாமி கோயிலடி தாண்டும்போது
நான் மிதிக்கவே இல்லை.

அதற்கப்பால் தொடங்கியது பெற்றோல் வரிசை.
மோட்டர்சைக்கிள், ஓட்டோ, மஞ்சள் கான்,
கான்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்த ஆட்கள்.
ஹெல்மெற்றைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் குந்தியிருந்தார் ஒரு அதிபர்.
மூன்றாம் நாளாம்.
நான் மணி அடித்தேன்.
யாரும் குறுக்கே நிற்கவில்லை, சும்மா அடித்தேன்.

"அக்கா!"

பிறேக் புதுசு. நினைத்ததற்கு முன்னமே நின்றுவிட்டது.

டிலக்சன்.
வியாழன்தோறும் சிவப்பு மோட்டர்சைக்கிளில்
கட்டுக்காசு வாங்க வருகிற பெடியன்.
ஒருக்கால் நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்க
வாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்:
"அடுத்த கிழமை வாறன்."

இப்போது முழங்கையில் மை எண், 712.
சேட்டுப் பையில் கொம்பனி முத்திரை,
அதன்மேல் இரண்டு நாள் வியர்வை வெள்ளைக் கோடாய்.
முதலில் சைக்கிளைத்தான் பார்த்தான்.
கேட்கப்போகிறான், என்று
நான் பதில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கரடிப்போக்கு மட்டும் ஏத்துவீங்களோ?
குளிச்சிட்டு ஓடி வந்திருவன்.
இடத்தைப் பக்கத்து அண்ணை பாப்பார்."

"ஏறும்."

"நான் மிதிக்கவோ?"

"வேண்டாம்."

இன்னும் ஒருவரும் தொடாத கரியரில்
கடன்காரன் ஏறினான். மட்டை நெரிந்தது.
எங்கள் இருவருக்கும் நடுவே
அந்தக் கொப்பிகள் நிறைந்த பை.
அதிலே என் பெயரும் இருக்கும்.

பெரிய பாரமில்லை.
ஒரு மூட்டை யூரியா அளவுகூட இல்லை.
(யூரியாவும் இந்த வருசம் இல்லைத்தான்.)

வரிசைக்குள் இருந்து ஒருத்தன் கத்தினான்:
"அண்ணையைக் கடத்திக்கொண்டு போறா!"
பாய்களில் கிடந்தவர்கள்கூட எழும்பிச் சிரித்தார்கள்.
அதிபர் சிரிக்கவில்லை, கை காட்டினார்.

"புதுசோ?"
"ஓம்."
"கைக்காசோ?"
"சீட்டுக்காசு."

கொஞ்சத் தூரம் செயின் மட்டும் கதைத்தது.

"என்ரை மோட்டர்சைக்கிளும் லீசிங்தான் அக்கா.
இரண்டு மாசம் கட்டேல்லை.
என்னைத் தேடி வாறவனும்
லைனிலைதான் நிக்கிறான். 640."

எனக்குச் சிரிப்பு வந்து
ஹாண்டில் ஓரமாய் இழுத்துப் போனது.
பின்னால் வந்த ட்ரக்டர் ஹோர்ன் அடித்தது.

கரடிப்போக்கில் இறங்கினான்.
கிழிந்த மட்டையைத் திரும்பப் பொருத்தி
நூலை முடியப் பார்த்தான், முடியவில்லை.
மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வியாழன் வருவன்."
"நடந்தோ?"

அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

உருத்திரபுரம் றோட்டுக்குத் திரும்பினேன்.
கரியரில் பையின் கொழுக்கி இழுத்த கீறல்,
விரல் நீளம், கறுப்புக்குள் இரும்பு தெரிகிறது.
பாரம் இறங்கினதும்
ஹாண்டில் திரும்பவும் ஆடத் தொடங்கியது.